இரண்டாவது பேயின் கால்கள்

1. சித்திரைக் கடைசியில், உப்பு நன்றாக விளைந்துகொண்டிருந்த சமயத்தில், ஐந்து பேரும் ஒரு கேமராவும் வாடகைக் காரில் மரக்காணம் உப்பளத்துக்கு வந்து இறங்கினார்கள். காதல் கதை, அதில் பேய் வரும் என்றார்கள்.

2. பேயாக நடிக்க வந்த பெண்ணுக்குச் செருப்பு கடித்த புண் இருந்தது. அந்தப் புண்ணோடு ஒரு மத்தியானம் முழுக்கப் பாத்தித் தண்ணீரில் நடந்தாள். மறுநாள் அவளால் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை.

3. அவளுக்குப் பதிலாக நடக்க யாராவது கிடைப்பார்களா என்று படம் எடுத்தவர் என்னிடம் கேட்டார். நான் என் அம்மாவைச் சொன்னேன்.

4. அம்மா மூன்று மத்தியானம் வெள்ளைப் புடவை கட்டி, முடியை முகத்தில் விட்டுக்கொண்டு பாத்தியில் நடந்தாள். வெயிலுக்காக மற்றவர்கள் எல்லாம் வீட்டுக்குப் போயிருக்கும் நேரம் அது. நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

5. மறுவருடம் பொங்கல் கழிந்ததும் அந்தப் படம் எங்கள் ஊர் டென்ட் கொட்டகைக்கு வந்தது. வியாழக்கிழமை மாலை முதல் ஆட்டம்.

6. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குள், பேயாக நடந்தது யார் என்று உப்பளம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

7. எட்டரை மணிக்கு மேஸ்திரி, இந்த வருடம் அம்மா முதல் கால் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஏழாவதைச் சொல்வதற்காகத்தான் மற்ற ஆறும்.

முதல் கால் என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாத்திகள் எல்லாம் சேறாகிவிடும். தை பிறந்ததும் தண்ணீரை வடித்து, புதுக் களிமண் பரப்பி, பெண்கள் வரிசையாக நின்று காலால் மிதித்துத் தரையை இறுக்குவார்கள். பத்துப் பதினைந்து நாள் மிதித்தால் தரை சிலேட்டு மாதிரி ஆகும். அதற்குப் பிறகுதான் உப்புத் தண்ணீர் விடுவார்கள். எங்கள் பக்கத்துப் பாத்திகளில் முதல் நாள் காலையில் ஒரே ஒருத்தி மட்டும் ஈரக் களிமண்ணில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை தனியாக நடப்பாள். அவள் அடி பட்ட இடத்துக்குப் பக்கத்தில் அடி வைத்து மற்றவர்கள் தொடர்வார்கள். முதலில் போகிறவள் குதிகாலை அழுத்தினால் குழி விழும். குழி விழுந்த இடத்தில் வருடம் முழுக்க உப்போடு சேறும் சேர்ந்து வரும்.

கூலி எல்லோருக்கும் ஒன்றுதான். முதல் கால் வைப்பவளுக்கு அதற்கென்று தனியாக எதுவும் கிடையாது. ஆனால் எந்தப் பாத்தி யாருடைய நடையில் இறுகியது என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா ஒன்பது வருடமாக முதல் கால் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருந்த ஒரே பெருமை அது. அதைப் பறித்தவள் நான் என்று அந்த வெள்ளிக்கிழமை எனக்குத் தோன்றியது.

நான் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் இரசாயனம் படித்துவிட்டு, உப்பளத்தின் பரிசோதனை அறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தகரக் கூரை, ஒரு மேஜை, கண்ணாடிக் குழாய்கள், ஒரு தராசு. ஒவ்வொரு பாத்தியிலிருந்தும் தண்ணீர் எடுத்து அதன் அடர்த்தியைப் பார்த்து எழுதுவது என் வேலை. இருபத்தைந்து டிகிரி தொட்டால் உப்பு இறங்க ஆரம்பிக்கும். முதலில் தண்ணீர்மேல் பாலாடை போல ஓர் ஏடு படரும். அந்த ஏடு படரும்போது பாத்தியில் யாரும் கால் வைக்கக் கூடாது. வைத்தால் அது உடைந்து அமிழ்ந்து, உப்பு பொடியாகிவிடும். தவிர்க்க முடியாமல் இறங்கத்தான் வேண்டும் என்றால், அதற்கென்று ஒரு நடை இருக்கிறது. பாதத்தைச் சாய்க்காமல், முழுப் பாதத்தையும் ஒன்றாக இறக்கி, ஒன்றாகத் தூக்க வேண்டும். உப்பளத்துப் பெண்கள் எல்லோருக்கும் அது ஓரளவு வரும். அம்மாவுக்கு முழுதாக வரும்.

படம் எடுத்தவர் முதல் நாள் நேராக என் அறைக்குத்தான் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். கழுத்தில் ஒரு துண்டு, கையில் ஒரு நோட்டு.

"எந்தப் பாத்தி நல்லா வெள்ளையா இருக்கும், சிஸ்டர்?"

"இருபத்தஞ்சு டிகிரி தாண்டினது. ஏழாவது, எட்டாவது."

நான் ஏதோ வசனம் சொன்னதுபோல அதை அப்படியே எழுதிக்கொண்டார். கதையையும் சொன்னார். ஒரு உப்பு வியாபாரியின் மகன் ஒருத்தியைக் காதலிக்கிறான். அவள் இறந்துபோகிறாள். இரவில் அவள் உப்புமேல் நடந்து அவனைத் தேடி வருகிறாள். இரவில் படம் எடுக்க விளக்கு வசதி இல்லை என்பதால் பகலிலேயே எடுத்து, லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடியைப் போட்டு இரவாக்கிவிடலாம் என்றார்.

அம்மாவை நான் அழைத்துப்போனபோது அவள் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"பேயி எப்படிங்க நடக்கணும்?"

"காத்துல மெதக்குற மாதிரிம்மா. பாக்குறவங்களுக்குப் பயம் வரணும்."

"ஏடு ஒடையாம நடந்தா போதுமா?"

அவருக்குப் புரியவில்லை. "போதும்மா" என்றார்.

அம்மாவுக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. கதாநாயகிக்குப் பத்தொன்பது. முகம் தெரியாது, தூரத்திலிருந்து எடுப்பது, ஒன்றும் ஆகாது என்றார்கள். நானும் அதை நம்பினேன். முகத்தைத்தான் மனிதர்கள் பார்ப்பார்கள் என்று நினைத்தது என் தப்பு.

வியாழக்கிழமை ஆட்டத்துக்கு உப்பளத்துப் பெண்கள் மொத்தமும் வந்திருந்தார்கள். நம்ம ஊர் படத்தில் வருகிறது என்று கொட்டகைக்காரர் மைக் கட்டிச் சொல்லியிருந்தார். பெண்கள் பக்கம் மணலில் உட்கார இடம் இல்லை. அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் எதிர்வீட்டு அத்தை உட்கார்ந்தாள். அத்தை மிதி வரிசையில் அம்மாவுக்கு அடுத்த இடத்தில் நிற்பவள். பேசாமல் அவளால் பத்து நிமிடம் இருக்க முடியாது.

முதல் ரீலில் கதாநாயகனுக்கு அவன் மாமன் மகள் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். அவன் வேண்டாம் என்றான். அவள் போய்விட்டாள். பிறகு காதலி இறந்தாள், அவன் அழுதான். கொட்டகையில் ஒருவரும் அசையவில்லை. அடுத்து பேய் வந்தது. அது அந்தப் பத்தொன்பது வயதுப் பெண், அவள் பேயாக நடித்த ஒரே நாள். ஏடு படர்ந்த எட்டாம் பாத்திக்குள் அவள் தடதடவென்று ஓடி இறங்கினாள்.

பெண்கள் பக்கம் அலறியது.

"ஏய், ஏய்! வரப்பு மேல போடி!"

"அய்யோ, எட்டாவதுடி அது! கெடுத்துட்டாளே பாவி!"

"யாராவது அவளப் புடிச்சி வெளிய இழுங்கடி!"

கொட்டகைக்காரர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். பயத்தில் அலறுகிறார்கள் என்று நினைத்து அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். ஆண்கள் பக்கம் சிரித்தது. கதாநாயகன் உருகி உருகிப் பேசிய வசனம் யார் காதிலும் விழவில்லை.

எங்கள் கொட்டகையில் ஒரே மெஷின். ரீல் மாற்ற மூன்று இடைவேளை விடுவார்கள். இரண்டாவது இடைவேளை முடிந்து அம்மா திரையில் வந்தாள். வெள்ளைப் புடவை, முகத்தில் முடி, தூரத்தில் ஒரு சின்ன உருவம். பாத்தியின் நடுவே நடந்து வந்தது. ஏடு உடையவில்லை. தண்ணீரில் ஒரு வளையம் எழும்பி விரிந்தது, அவ்வளவுதான்.

பெண்கள் பக்கம் சட்டென்று அமைதியானது. எனக்குப் பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னார்கள்: "இவ வேற."

அத்தை திரையிலிருந்து முகத்தைத் திருப்பினாள். அம்மாவைப் பார்த்தாள். பிறகு குனிந்து, புடவைக்குள் அம்மா மடக்கி வைத்திருந்த கால்களைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அன்று அவள் எதுவும் பேசவில்லை. அதுவே எனக்குக் கவலையாக இருந்தது.

பேசாமல் வைத்திருந்ததையெல்லாம் மறுநாள் காலையில் வரப்பில் நின்று மொத்தமாகப் பேசினாள்.

"இன்னாடி, எங்க யாருக்கும் சொல்லாம ஸ்டார் ஆயிட்ட? ஒம்போது வருஷமா உன் காலப் பாத்துகினே பின்னால வர்றேன். எனக்குத் தெரியாதா? மொகத்த மூடினா காலு மூடிக்குமா?"

அவள் பெருமையாகத்தான் சொன்னாள். எல்லோரும் அம்மாவைச் சுற்றி நின்று சிரித்தார்கள். ஒருத்தி அம்மாவின் முடியைப் பிடித்து முகத்தில் இழுத்துவிட்டுப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

"இன்னாது? இன்னா சிரிப்பு?"

சொன்னார்கள். அவர் சிரிக்கவில்லை. சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்.

மேஸ்திரி கெட்டவர் அல்ல. மழைக்காலத்தில் எங்கள் கூரை பறந்தபோது ஆள் அனுப்பிக் கட்டிக்கொடுத்தவர். ஆனால் புது மண் விஷயத்தில் அவருக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. சாவு வீட்டுக்குப் போய்வந்தவர்கள் மூன்று நாளைக்குப் புது மண்ணில் இறங்கக் கூடாது என்பார்.

"செத்தவளா நடந்தியாமா நீ?"

"படத்துக்குங்க" என்றாள் அம்மா.

"படமோ இன்னாவோ. செத்தவளா நடந்த காலு புது மண்ணுல மொதல்ல படக்கூடாது. நீ வரிசையில நில்லு, வேலைக்கு வா. மொதக் கால் வேற யாராச்சும் வெக்கட்டும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"ஆகட்டுங்க."

முதல் கால் வைக்கும் நாள் திங்கட்கிழமை என்று முன்பே முடிவாகியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது அம்மா என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "நல்லாத்தான நடந்தேன்?"

நான் என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தேன். முடிவு சந்தேகமாக வந்தால் மாதிரியை அதிகமாக எடு என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பழைய பதிவு நோட்டு ஒன்று பாதி காலியாக இருந்தது. எண், எடுத்த இடம், நேரம், டிகிரி என்று கட்டம் போட்டது. டிகிரி என்பதை அடித்துவிட்டு, கருத்து என்று எழுதினேன். படம் பார்த்தவர்களை எங்கெல்லாம் பார்க்கிறேனோ அங்கெல்லாம் கேட்பது என்று முடிவு செய்தேன். அதை வைத்து என்ன செய்யப்போகிறேன் என்று அப்போது எனக்கே தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த நோட்டிலிருந்து சில:

3. பரிசோதனை அறை வாசல், பகல் மூன்று மணி. ராத்திரி என்கிறார்கள். நிழல் காலடியிலேயே விழுகிறது. அது பன்னிரண்டு மணி வெயில். யாரை ஏமாற்றுகிறான்?

7. குழாயடி. அவன் துண்டு மேற்கே பறக்கிறது, அவள் முடி கிழக்கே பறக்கிறது. இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்களா?

8. டீக்கடை, ஆண்கள் மூவர். பேய் பயமாக இல்லை. சண்டை இல்லை. பாட்டு ஒன்றுதான், அதுவும் சோகம்.

12. பஸ் நிறுத்தம், அனுமந்தையிலிருந்து வந்த மீன்காரப் பெண். அந்தப் பையன் படம் முழுக்கச் சாப்பிடவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

15. வரப்பு, மாலை. பேய் ரெண்டு.

பதினைந்தாவதை எழுதிவிட்டு மறுபடி கேட்டேன். சொன்னவள் மிதி வரிசையில் புதிதாகச் சேர்ந்திருந்த கல்யாணமாகாத பெண். "ரெண்டு பேயிக்கா. மொத வந்துதே, அது ஒண்ணு. அதுக்கு நடக்கவே தெரியாது. பின்னாடி வந்தது வேற. உங்கம்மா வந்தாங்களே, அது." அவளுக்குச் சந்தேகமே இல்லை. அதற்குப் பிறகு கேட்ட பெண்கள் எல்லோருமே அப்படித்தான் சொன்னார்கள். கேள்வி கேட்டதற்காக என்னைத்தான் விநோதமாகப் பார்த்தார்கள்.

கதையில் ஒரே பேய்தான் என்று எனக்குத் தெரியும். புண்ணான காலும் தெரியும், அம்மாவை அழைத்துப்போனதும் நான்தான். அவர்கள் செய்தது தப்பு. ஆனால் அந்தத் தப்பை வேறு எந்த ஊர்க்காரராலும் செய்திருக்க முடியாது.

சனிக்கிழமை காலை குழாயடியில் அது இன்னும் ஒரு படி மேலே போனது. குடங்கள் வரிசையில் நின்றன. தண்ணீர் நூலாக வந்துகொண்டிருந்தது. அத்தைதான் ஆரம்பித்தாள்.

"ரெண்டாவது பேயின்றீங்களே, அது எப்படிடி பேயாவும்? பேயிக்குக் காலு இருக்காது. இதுக்குக் காலு இருக்குது. சும்மா காலா? மிதிச்சிப் பழகின காலு."

"அப்ப அது யாரு?"

"ஆளு. உசுரோட இருக்கிற பொம்பள."

"பொம்பளன்னா எந்தப் பொம்பள? திடீர்னு எங்கேருந்து வந்தா?"

அப்போது மிதி வரிசைக்குப் புதிதாக வந்த அந்தப் பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"தூக்குச்சட்டி எடுத்தாந்தாளே, மாமன் பொண்ணு. அதுக்கப்புறம் அவளக் காணவே காணோமே. அவ எங்க போனா?"

"அடிப்பாவி!" அத்தை இரண்டு கையையும் தட்டினாள். "அவதான்டி! அந்தச் செத்தவ பேயா வந்து இவன இழுக்கிறா. இவன் சோறு தண்ணி எறங்காம கெடக்கிறான். மாமன் பொண்ணு பாத்தா. அதே மாதிரி வெள்ளப் பொடவையக் கட்டினா, முடிய மொகத்துல போட்டுகினா, வந்து அவன வூட்டுக்குக் கூட்டினு போயிட்டா!"

"கடைசில அவ பின்னாடி போறானே..."

"வூட்டுக்குத்தான் போறான். சாப்புட!"

அங்கே எழுந்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. அது கேலிச் சிரிப்பு அல்ல. ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டால் வரும் சிரிப்பு. நான் நின்றுகொண்டே அவர்கள் பேசியது முழுவதையும் எழுதினேன். எழுதி முடித்தபோதுதான் அதன் பொருள் எனக்கு உறைத்தது. அம்மா நடந்தது செத்தவளாக அல்ல. இந்த ஊரின் கருத்துப்படி, அந்தப் படத்தில் உயிரோடு நடந்த ஒரே பெண் அவள்தான்.

குழாயடிச் செய்தி பத்து மணிக்குள் மேஸ்திரிக்குப் போய்விட்டது. என் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, நீதான் கூட இருந்தியாமே. அது பேயா, ஆளா? நீ சொல்லு."

"நீங்க படம் பாத்தீங்களாங்க?"

"நானு பேய்ப்படம்லாம் பாக்கறதில்ல."

"பாத்துட்டுக் கேளுங்க. நோட்டு வெச்சிருக்கேன், உங்க கருத்தையும் எழுதிக்கிறேன்."

அவர் என்னை ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பஸ்ஸில் படம் எடுத்தவர் வந்து இறங்கினார். மூன்று நாளோடு படப்பெட்டியை எடுத்துப்போக வந்தவர். வந்தால் கொட்டகைக்காரர் பெட்டியைக் கொடுக்க மாட்டேன் என்கிறாராம். நாளுக்கு நாள் கூட்டம் ஏறுகிறதாம். பெருமுக்கல் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்களாம். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என் அறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இதுக்கு முன்ன மூணு ஊர்ல ஓட்டினோம், சிஸ்டர். ஒரு ஊர்ல உப்பப் பாத்துட்டு காஷ்மீர் பனியான்னு கேட்டாங்க. ஒரு ஊர்ல பாதியில எழுந்து போனாங்க. இங்க மட்டும் எப்படி?"

நான் நோட்டைக் கொடுத்தேன். நிழலைப் பற்றிப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். துண்டும் முடியும் பறந்த இடத்தில் தலையில் அடித்துக்கொண்டார். குழாயடிப் பக்கம் வந்ததும் சிரிப்பு நின்றது. அதை இரண்டு தடவை படித்தார்.

"மாமன் பொண்ணா நடிச்ச அந்தம்மா ஒரு நாளுதான் வந்தாங்க, சிஸ்டர். அப்புறம் வரவே இல்ல. அதனாலதான் அந்தப் பாத்திரம் அப்படியே நின்னுபோச்சு. ஆறு மாசமா அந்த ஓட்டைய எப்படி அடைக்கிறதுன்னு தெரியாம இருந்தேன்."

"நீங்க எடுத்த முடிவு என்ன?"

"அவன் செத்துடறான். பேய் கூட்டிட்டுப் போயிடுது."

"அப்ப கடைசில ஏன் சுபம்னு போட்டீங்க?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எழுத்து போடுறவர்கிட்ட அந்த அட்டைதான் ரெடியா இருந்துது."

நான் அவரிடம் முதல் கால் விஷயத்தைச் சொன்னேன். சுருக்கமாக, வரிசையாக. அவர் எழுந்தே நின்றுவிட்டார். "நான் போய் மேஸ்திரிகிட்ட இன்னா சொல்லணும், சொல்லுங்க. அது ஆளுதான்னு சொல்லிடறேன்."

"ஒண்ணும் சொல்ல வேணாம். உங்களக் கேட்டா, முழுசா பாக்கச் சொல்லுங்க. போதும்."

நான் அவரைப் பொய் சொல்ல வைக்க விரும்பவில்லை. அதைவிட, அம்மாவின் நடை யாருடைய சிபாரிசும் இல்லாமல் தேற வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு இருந்தது.

அன்று மாலை மேஸ்திரி கொட்டகைக்கு வந்தார். ஆண்கள் பக்கம் பெஞ்சில் ஓரமாக, வாசலுக்குக் கிட்டத்தில் உட்கார்ந்தார். பெண்கள் அனைவரும் அதைப் பார்த்தார்கள். அன்று பாதிப் பேர் திரையைவிட அவரைத்தான் பார்த்தார்கள். முதல் பேய் எட்டாம் பாத்திக்குள் ஓடி இறங்கியபோது அவர் பெஞ்சைவிட்டே எழுந்தார்.

"ஏய்! எவ அவ? எட்டாவதுல எவன்டா எறங்கவுட்டது?"

கொட்டகை சிரித்ததில் அவருக்கு வெட்கமாகிவிட்டது. உட்கார்ந்துகொண்டார். மூன்றாவது இடைவேளையில் சோடாக் கடையில் படம் எடுத்தவரை யாரோ அவருக்குக் காட்டிக்கொடுத்தார்கள். நானும் அம்மாவும் பத்தடி தள்ளி நின்றோம்.

"ஏம்பா, நீதான எடுத்தவன்? அந்த ரெண்டாவது வர்றது பேயா, ஆளா?"

படம் எடுத்தவர் என்னைப் பார்த்தார். சோடாப் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"இன்னும் ஒரு ரீலு இருக்குதுங்க. பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

"எடுத்தவனுக்கே தெரியலன்னா அப்புறம் இன்னாடா படம் இது" என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார்.

கடைசி ரீல் முழுக்க அம்மாதான். ஏழாம் பாத்தியின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்கே நடக்கிறாள், கதாநாயகன் பின்னால் வருகிறான். வேறு எதுவும் நடக்காது. வேறு ஊரில் ஜனங்கள் எழுந்துபோனது இங்கேதான் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. மேஸ்திரி முன்னால் சாய்ந்து, இரண்டு கையையும் முழங்கால்மேல் ஊன்றி உட்கார்ந்திருந்தார். பாத்தி வரப்பில் அவர் நிற்கும் அதே தோரணை. அம்மா ஏடு தடித்திருந்த நடு இடத்துக்கு வந்தபோது அவர் குரல் கேட்டது. சத்தமாக, வேலை நேரத்துக் குரலில்:

"மெதுவா... அப்படித்தான்! முழுசா எறக்கு. தூக்கு. அப்படித்தான்மா!"

யாரும் சிரிக்கவில்லை. திரையில் சுபம் என்று வந்தது. பெண்கள் பக்கம் மொத்தமாகத் திரும்பியது. அத்தை எழுந்தே நின்றாள்.

"இன்னா மேஸ்திரி, சுபம் போட்டுட்டான் பாத்தீங்களா? செத்தவளுக்கு எவனாவது சுபம் போடுவானா?"

"தெரியுது, தெரியுது. எனக்கும் படிக்கத் தெரியும். உக்காரு."

வீட்டுக்கு நடக்கும்போது அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். படம் எடுத்தவர் எடுத்தது ஒரே பேயைத்தான், கடைசியில் அவன் சாகிறான், சுபம் என்பது கையில் இருந்த அட்டை. அம்மா கேட்டுக்கொண்டே வந்தாள்.

"அவருக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "எடது காலு கொஞ்சம் வெளிய வளையுது. நீ சொல்லியிருக்கலாம்" என்றாள்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு எல்லோரும் வரப்பில் நின்றோம். எனக்கு அங்கே வேலை இல்லை. மாதிரி எடுக்கப் புட்டியோடு போனேன், எடுக்கத் தண்ணீரே இல்லாத பாத்திக்கு. மேஸ்திரி வந்தார். புது மண்ணைக் குனிந்து ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். அம்மா தனக்குச் சொன்ன இடத்தில், மூன்றாவது ஆளாக நின்றுகொண்டிருந்தாள். அத்தைக்குப் பின்னால்.

"ஏம்மா, மாமன் பொண்ணு!" என்றார் மேஸ்திரி. "அங்க இன்னா பண்ற? எறங்கு."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அத்தை போட்ட கூச்சலில் ஓடையில் நின்ற கொக்குகள் எழுந்து பறந்தன. அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். களிமண் கரும்பழுப்பாக, ஈரமாக, ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. இடது கால் வெளியே வளையவில்லை. அவள் போன வழியில் நான் குனிந்து பார்த்தேன். அடிகள் எல்லாம் ஒரே ஆழம். வரிசை அவள் பின்னால் இறங்கியது. நான் புட்டியை மூடிக்கொண்டு அறைக்கு வந்து, நோட்டில் கடைசி வரியை எழுதினேன்: ஏழாம் பாத்தி, காலை ஆறேமுக்கால், மேஸ்திரி. கருத்து: எறங்கு.

அன்று மத்தியானமே கொட்டகை மைக் வண்டி ஊரைச் சுற்றியது. பேயா, பெண்ணா, மாமன் மகளா, கண்டுபிடியுங்கள் என்று சொல்லிக்கொண்டு போனது. அந்த வாசகத்தைப் படம் எடுத்தவர் என் அறையில் உட்கார்ந்துதான் எழுதினார். குழாயடிப் பக்கத்தை ஒரு தாளில் நகல் எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மூன்று நாள் என்று வந்த படம் பதினொரு நாள் ஓடியது. பிறகு அவரிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. அடுத்த ஊரில் படம் தொடங்குவதற்கு முன்பே, பேய்கள் இரண்டு, கவனமாகப் பாருங்கள் என்று எழுதிக் காட்டினாராம். ஒரு வாரம் ஓடியதாம். அம்மாவுக்கு வணக்கம் சொல்லச் சொல்லியிருந்தார். அத்தை அந்தக் கார்டை வாங்கிக்கொண்டு போய் இரண்டு நாள் கழித்துத்தான் கொடுத்தாள். கொடுக்கும்போது ஓரம் நனைந்திருந்தது.

இன்றைய நிலவரம் இது. படப்பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியாது. படம் எடுத்தவர் அடுத்த படம் எடுத்ததாகத் தகவல் இல்லை. நோட்டு என்னிடம் இருக்கிறது. உப்பளத்தில் அம்மாவை மாமன் பொண்ணு என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். இந்தத் தையிலும் முதல் கால் அவள்தான் வைத்தாள். ஏழாம் பாத்தியில் நேற்றுத் தண்ணீர் விட்டார்கள். இன்று காலை பதினெட்டு டிகிரி. உப்பு இறங்க இன்னும் ஏழு.